என் வண்டி போகும்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மாடியில் வைத்திருக்கும் மழை அளக்கும் குடுவை காலியாக இருந்தது. வியாழக்கிழமை மாலை 41 மில்லிமீட்டர் பெய்திருந்தது. அதன்பின் இரண்டு நாளும் நல்ல வெயில். ஒரு டம்ளர் கடுங்காப்பி குடித்தேன். நைட்ரஜன் கேனுக்குள் மரக்குச்சியை விட்டு எடுத்து, பனி படிந்த உயரத்தைப் பார்த்தேன். பதினான்கு சென்டிமீட்டர். வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டேன், இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். 5.40க்குக் கிளம்பி, தாடிக்கொம்புப் பக்கம் இரண்டு வீடுகளில் வேலையை முடித்தபோது மணி 7.05.

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். அதற்கான விந்தை உறையவைத்துக் கொண்டுபோவது அந்த நைட்ரஜன் கேனில். திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பு, அகரம், அதைத் தாண்டி என்று நாற்பது ஊர்களுக்கு இருபத்திரண்டு வருடமாகப் போய்வருகிறேன். எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் ஊசி போட்டேன், இருபத்தோராம் நாள் அது மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியதா, மூன்றாம் மாதம் சினை நின்றதா என்று எழுதி எழுதி, மற்ற எல்லாவற்றையும் எழுதும் பழக்கமும் வந்துவிட்டது. என் வண்டி நூறு சிசி. கேனையும் சேர்த்து 122 கிலோ. ரேஷன் கடைத் தராசில் ஒருமுறை ஏற்றிப் பார்த்திருக்கிறேன். வரப்பு, வாய்க்கால், தென்னந்தோப்பு, குளத்துக்கரை எல்லாம் அதற்கு ரோடுதான். அது ஆடிச் சாய்ந்தால் ஒரு கையால் நிமிர்த்திவிட்டு மறு கையால் போனை எடுத்துப் பேசுவேன்.

அன்று 7.30க்கு நான் கரூர் ரோட்டு டீக்கடைக்குப் போகவேண்டியிருந்தது. என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன் ஒருவன் அங்கே வருவதாகச் சொல்லியிருந்தான். அவனுக்கு டவுனில் டைல்ஸ் கடை. மூன்று வருடங்களுக்கு முன் பெரிய வண்டி ஒன்று வாங்கினான். மலை, காடு, பாலைவனம் எங்கும் போகும் என்று விற்கிறார்களே, அந்த வகை. 1200 சிசி, 248 கிலோ, இருபுறமும் இரும்புப் பெட்டி. எடையை அவனே பெருமையாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போவான். ஹெல்மெட்டில் கேமரா கட்டி வீடியோ எடுத்துப் போடுவான். “எந்த மண்ணா இருந்தாலும் அடிச்சு ஏறும்” என்பது ஒவ்வொரு வீடியோவிலும் அவன் சொல்லும் வசனம்.

அவனுக்காக எட்டு மாதம் காத்திருந்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 17 அன்று, பாதை தெரிந்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு குடகனாற்றுக்குப் போனான். நாங்கள் இரண்டு பேர்தான். ஆறு வறண்டு கிடந்தது. கணுக்கால் புதையும் மணல். நான் என் வண்டியில், காலால் உந்தி உந்தி அக்கரை போய்விட்டேன். அவன் நடு ஆற்றில் நின்றுவிட்டான். பின் சக்கரம் அச்சு வரை புதைந்திருந்தது. நான் திரும்பி நடந்து வந்து, வலது பக்கம் நின்று தள்ளினேன். “மெதுவா விடு” என்றேன். அவன் ஆக்ஸிலேட்டரை ஒரே முறுக்காக முறுக்கினான். வண்டி துள்ளி, குறுக்கே திரும்பி, வலது பக்கமாகச் சாய்ந்தது. அவன் குதித்துவிட்டான். என் வலது கால் இரும்புப் பெட்டிக்கும் மணலுக்கு அடியில் கிடந்த கல்லுக்கும் நடுவில் மாட்டியது. கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் எலும்பு உடைந்த சத்தத்தை நானே கேட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கொண்டுபோனான். அதை மறைக்க மாட்டேன். அங்கே டாக்டர் கேட்டபோது, “சின்ன வண்டியில ஆத்துக்குள்ள எறங்கி விழுந்துட்டாரு சார்” என்று சொன்னதும் அவன்தான். வலியில் எனக்கு அது காதில் விழுந்தது. மறுத்துப் பேசத் தெம்பில்லை. அனுமதிச் சீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஏழு வாரம் மாவுக்கட்டு. மே மாதம் மறுபடி வேலைக்குப் போனபோது, அகரம் பக்கத்தில் எனக்குப் போன் வருவது பாதியாகக் குறைந்திருந்தது. காரணத்தை ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரு அக்கா. குளத்தை ஒட்டி அவருக்கு ஒண்ணே முக்கால் ஏக்கர் மல்லிகை, ஆறு கறவை மாடு. மகன் கட்டிய வீட்டுக்கு டைல்ஸ் என் கூட்டாளி கடையில் வாங்கியது. அவர் தொழுவத்தில் பன்னிரண்டு வருடமாக நான்தான் ஊசி போட்டு வந்தேன். அன்றைக்கு வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. குடிச்ச கை எம் மாட்டுக்குள்ள வேணாம்.”

“யாருக்கா குடிச்சா?”

“ஆத்துக்குள்ள விழுந்து கெடந்தீங்களாம்ல. டைல்ஸ் கடைக்காரருதான் தூக்கியாந்து ஆஸ்பத்திரில சேத்தாராம். அம்புட்டுப் பெரிய மனுசன் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு.”

நான் குடிப்பதில்லை. காப்பியில்கூடச் சர்க்கரை போடுவதில்லை. மாட்டின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு, கர்ப்பப்பையின் வாயை விரலால் தேடிப் பிடிக்கிற வேலை இது. கை ஒரு நூல் தவறினால் மாட்டுக்குக் காயம். எனக்கு இருக்கும் ஒரே சொத்து, இந்தக் கை நடுங்காது என்று நாற்பது ஊர் நம்புவதுதான்.

ஜூனில் அவன் கடைக்குப் போய்க் கேட்டேன். அவன் சிரித்தான்.

“பங்காளி, குடிச்சன்னு நான் சொல்லவே இல்ல. விழுந்தாருன்னு மட்டுந்தான் சொன்னேன். மிச்சத்த அவனுகளாச் சேத்துக்கிட்டானுக.”

“விழுந்தது உன் வண்டி.”

“அதச் சொல்ல முடியுமா? என் வண்டியே மணல்ல பொதஞ்சுச்சு, ஊசிக்காரன் கால ஒடச்சுருச்சுன்னு தெரிஞ்சா ஒரு பய எம் பின்னாடி வருவானா? வண்டி பேரு என்னாகும்?”

“என் பேரு என்னாச்சு பாத்தியா?”

“சரி, சரி. பாக்குற எடத்துல சொல்லிவிட்டுர்றேன். டீ குடி.”

டீ வந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் வரை ஒவ்வொரு வீடாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மண்ணைக் குறிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் எந்தப் பாதை எத்தனையாம் நாள் எப்படி இருக்கிறது என்று எழுதினேன். ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு, பாதையின் நடுவே குத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். செம்மண் பாதைகள் இரண்டாம் நாளே இறுகிவிடும். அவை எனக்குப் பயன்படாது. அக்காவின் மல்லிகைக் கொல்லையை ஒட்டிக் குளத்துக்குள் இறங்கி ஏறும் வண்டிப்பாதை மட்டும் வேறு மாதிரி. அங்கே அறுபது அடி நீளத்துக்குக் களிமண். நாற்பது மில்லிமீட்டர் பெய்தால், மூன்றாம் நாள் மேலே வெளுத்து ஆடை கட்டும். பார்த்தால் காய்ந்த தரை. குச்சி பதினெட்டு அங்குலம் இறங்கும். ஓரமாக, புல் பிடித்த ஒரு முழ அகலத்தில், என் வண்டி போய்விடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பெரிய வண்டியை நான் வெறுப்பில் எடைபோடவில்லை. மார்ச்சுக்கு முன்னால், அவன் தந்து நானே ஒருமுறை அதை ஓட்டியிருக்கிறேன். குஜிலியம்பாறைப் பக்கம் ஜல்லி போட்ட ரோட்டில், எழுந்து நின்றுகொண்டு, மணிக்கு அறுபதில் போனபோது அந்த வண்டி கல்லையும் குழியையும் விழுங்கிக்கொண்டே போனது. என் வண்டியில் அதே ரோட்டில் பல் கிடுகிடுக்கும். வத்தலக்குண்டு தாண்டி மலை ரோட்டிலும் அதற்கு நிகரில்லை. கெட்டியான தரை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது போகும். தரை இளகினால் முடிந்தது. மணலிலும் களியிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். நின்றால் அதன் எடையே அதைப் புதைக்கும். விழுந்தால் தனியாளால் தூக்க முடியாது. தனியாளால் தூக்க முடியாத வண்டியைக் காட்டு வண்டி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கேமராவுக்கு முன்னால் வேறு சொல்கிறான். அந்தப் பொய்க்குத்தான் என் காலையும் பேரையும் கொடுத்தேன்.

நவம்பர் 8, வெள்ளிக்கிழமை அவனே போன் செய்தான். நான் கூப்பிட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

“பங்காளி, ஞாயித்துக்கெழம நம்ம பயலுக வாரானுக. மழ பேஞ்சு எல்லாம் பச்சையாக் கெடக்கு. மண்ணு ரோடா ஒண்ணு காட்டேன், வீடியோல நல்லா வரணும்.”

“காட்டுறேன்” என்றேன். பழைய விஷயத்தை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஞாயிறு 7.30க்கு டீக்கடையில் நாலு பெரிய வண்டி நின்றது. அவனைத் தவிர மூன்று பேர். அவர்களில் டவுனில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும். எல்லோரும் முழங்கால் வரை பூட்ஸ், முட்டிக்குக் கவசம். நான் ரப்பர் செருப்பு. என் வண்டியையும் அதன் பின்னால் கட்டியிருந்த கேனையும் பார்த்துப் பல் டாக்டர், “அண்ணே, இவரு கேன்ல பால் கொண்டுவாராரா, மாட்டையே கொண்டுவாராரா?” என்றார்.

“நாளைக்கு வரப்போற கன்னுக்குட்டிய” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

முன்னால் நான், பின்னால் அவர்கள். அகரம் தாண்டி நாலு கிலோமீட்டர் செம்மண் ரோட்டில் அந்த வண்டிகள் உறுமிக்கொண்டு என்னைச் சுற்றி ஏறி இறங்கி வந்தன. குளத்தின் ஓரத்தில் களி தொடங்கும் இடத்துக்குப் பத்து அடி முன்னால் நிறுத்தினேன். எதிரே பாதை வெளுத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்கு அப்பால் அக்காவின் தொழுவம். அவர் சாணி அள்ளிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவன் பக்கத்தில் வந்து நின்று, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினான்.

“போகுமா பங்காளி?”

“என் வண்டி போகும்” என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. அது இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த வாக்கியமும் இல்லை. அவன் கேட்டபடி பதில் சொன்னேன். அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். “கேட்டீங்களா? இவரு ஓட்ட வண்டியே போகுமாம்” என்றான். கேமராவைத் தட்டிவிட்டுக்கொண்டான். கண்ணாடியை இறக்கினான்.

நான் ஓரத்துப் புல்லில் போய் அந்தப் பக்கம் ஏறி நின்றேன். அவன் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, பாதையின் நடுவே வந்தான். முதல் இருபது அடி பாளங்கள் நொறுங்கும் சத்தம் மட்டும். பிறகு முன்சக்கரம் இறங்கியது. அவன் முறுக்கினான். ஆற்றில் முறுக்கிய அதே முறுக்கு. பின்சக்கரம் கறுப்புக் களியை ஆள் உயரத்துக்கு வாரி இறைத்து, தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு, அச்சு வரை உட்கார்ந்தது. வண்டி செத்த நேரம் அப்படியே நின்றது. பிறகு இடது பக்கமாக, அவசரமே இல்லாமல், அவனோடு சாய்ந்தது. என்ஜின் அணைந்தது. அவன் இடது கால் இரும்புப் பெட்டிக்கு அடியில்.

மூன்று பேரும் வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்தார்கள். பூட்ஸ் முழங்கால் வரை புதைந்தது. தூக்கப் பார்த்தார்கள். ஊன்றி நிற்கத் தரை இருந்தால்தானே தூக்க முடியும். வண்டி இரண்டு அங்குலம் எழும்பி மறுபடி அமர்ந்தது. அக்கா கூடையைப் போட்டுவிட்டு வந்து, கரையில் என் பக்கத்தில் நின்றார்.

“பங்காளி, காலு. வந்து பிடி.”

நான் நகரவில்லை. அடியில் களி மட்டும்தான், கல் இல்லை, அவன் எலும்புக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

“ஆத்துல என்ன நடந்துச்சுன்னு அக்காட்டச் சொல்லு” என்றேன்.

“ஏய், வெளயாடுற நேரமா இது?”

“வெளயாடல. சொல்லு. தூக்குற வழி எனக்குத் தெரியும். சொன்னாத் தூக்குறேன்.”

பல் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன சார் பேசுறீங்க, அவரு காலு மாட்டிக்கெடக்கு.”

“மார்ச் மாசம் எங்காலும் மாட்டிச்சு டாக்டர். எப்பிடின்னு அவரு சொல்லுவாரு.”

மணியைப் பார்த்தேன். 8.41. அவன் என்னைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், கடைசியாக அக்காவைப் பார்த்தான். ஹெல்மெட்டின் மேல் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“என் வண்டிதான்” என்றான். “மணல்ல பொதஞ்சுச்சு. இவன் பக்கத்துல நின்னு தள்ளுனான். நான் முறுக்கிட்டேன். வண்டி இவன் மேல விழுந்துச்சு.”

“நான் குடிச்சிருந்தேனா?”

“இல்ல. குடிக்கல. இவன் குடிக்கவே மாட்டான். போதுமாடா.”

“போதும்.”

8.42. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. எட்டு மாதத்துக்கு ஒரு நிமிடம்.

தென்னை மட்டைகளை இழுத்துவரச் சொன்னேன். தொழுவத்துக்குப் பின்னால் கிடந்தன. குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அதன்மேல் நின்றோம். ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைக் கொடுத்து, காலால் எழும்பவேண்டும். நாலு பேரும் அப்படி எழும்பினோம். அவன் காலை உருவிக்கொண்டான். பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. காலில் சிராய்ப்புத்தான்.

வந்த வழியே வண்டியை இழுக்க முடியவில்லை. பக்கவாட்டில் பத்தடி தள்ளிக் கெட்டித் தரை இருந்தது. கயிறு கட்டி, ஐந்து பேரும் இழுத்து, ஒரு மணி நேரத்தில் கரையேற்றினோம். கெட்டித் தரை என்று நான் சொன்னது அக்காவின் மல்லிகைக் கொல்லை. வரப்பு ஏழு அடி நீளத்துக்கு உடைந்து, வாய்க்கால் தண்ணீர் களிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு செடி வேரோடு சாய்ந்திருந்தது. மழை, களி, எடை, நாள் எல்லாவற்றையும் மூன்று மாதமாகக் குறித்திருந்தேன். வண்டியை வெளியே எடுக்கும் வழியை மட்டும் நோட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

கிளம்பும்போது அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் களி.

“திட்டம் போட்டுத்தான கூட்டியாந்த?”

“ஆமா.”

“ஒரு வாய்ச் சொல்லு கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன்ல.”

“ஜூன்ல கேட்டேன்.”

அவன் வண்டியைத் திருப்பினான். பல் டாக்டர் போகிற போக்கில், “அண்ணே, கேமரா இன்னும் ஓடுது” என்றார். அவன் சட்டென்று கையைத் தூக்கி அணைத்தான். அந்த வீடியோவை அழித்திருப்பான். எனக்கு அது வேண்டாம். கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார்.

அவர்கள் போனபிறகு அக்கா உடைந்த வரப்பின் மேல் உட்கார்ந்து, சாய்ந்த செடிகளில் பிழைக்கக்கூடியதை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன்.

“எந்தக் காலு தம்பி?” என்றார்.

பேன்ட்டைத் தூக்கிக் காட்டினேன். தடவிப் பார்க்கவில்லை, பார்த்தார்.

“நான் சொன்னது தப்புத்தான். விசாரிக்காமச் சொல்லிட்டேன்.”

“பரவால்லக்கா.”

“அது பரவால்ல. இந்தக் களி இப்பிடி வாங்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சு எங்கொல்லையிலயா கொண்டாந்து விடுவீங்க? நீங்களும் அவரும் அடிச்சுக்கறதுக்கு ஊருல வேற எடமே இல்லையா? இந்தச் செடியெல்லாம் ரெண்டு வருசம்.”

அவர் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் அது உண்மை. செடியைப் பார்த்துக்கொண்டு அந்த உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீரை மட்டும் இரண்டு மட்டையும் கொஞ்சம் மண்ணும் வைத்துத் தற்காலிகமாக அடைத்தேன். 11.20க்கு அகரத்தில் ஒரு மாடு பார்க்கவேண்டியிருந்தது, போய்விட்டேன். அவர் என்னை மறுபடி கூப்பிடுவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாலை 6.10க்கு அவருடைய போன் வந்தது.

“செவலை மாடு சாயங்காலத்துல இருந்து கத்துது. பின்னால கண்ணாடி மாதிரிக் கோழ ஒழுகுது.”

“காலையில போட்டாச் சரியா இருக்கும்க்கா. ஆறு மணிக்கு வாரேன்.”

“வாங்க. வரும்போது மம்பட்டியும் எடுத்தாங்க.”

நவம்பர் 11, திங்கட்கிழமை. 5.50க்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். அக்கா தொழுவத்தில் விளக்குப் போட்டு, செவலையைக் கட்டிவைத்திருந்தார். கேனை வண்டியிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்து, மம்பட்டியோடு வாய்க்காலில் இறங்கி, முதலில் அந்த ஏழு அடி வரப்பைக் கட்டினேன்.